யூசர் கணக்கை நீக்கிவிட்டீர்களா? கோப்புகளை மீட்கும் வழி

பழைய யூசர் கணக்கு ஒன்று கணினியில் சும்மா கிடக்கிறதே என்று நீக்கிவிடுகிறோம். இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது: ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமோ, குழந்தையின் முதல் வருடப் படங்களோ அந்தக் கணக்கின் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. வயிற்றைப் பிசையும் நேரம் அது. இப்போது நீங்கள் அந்த நிலையில் இருந்தால், அந்தக் கணினியில் செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் நிறுத்துங்கள். மீதியைப் போனிலோ வேறு கணினியிலோ படியுங்கள்.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி அதன் உள்ளடக்கத்தைத் தேடிப்போய்த் துடைப்பதில்லை. 'இந்த இடம் காலி, இங்கே வேறு எதையும் எழுதிக்கொள்ளலாம்' என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்தப் பதிவேட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். உங்கள் படங்கள் அதே இடத்தில் இருக்கும். ஆனால் அவற்றின் மேல் எதுவும் வந்து உட்காரலாம். நீங்கள் பிரவுசரைத் திறந்தாலே பத்து இருபது தற்காலிகக் கோப்புகள் எழுதப்படுகின்றன. பின்னணியில் அப்டேட் ஒன்று இறங்கினால் நூற்றுக்கணக்கான எம்பி போகும். அதில் எது உங்கள் படத்தின் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அக்காவின் பழைய மடிக்கணினியில் கணக்கு நீக்கப்பட்ட அன்றே, பதற்றத்தில் ஒரு மீட்பு மென்பொருளை இறக்கி அதே டிரைவில் நிறுவினேன். மீட்ட கோப்புகளையும் அதே டிரைவில் சேமித்தேன். கிடைத்த படங்களில் பலவற்றின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. மேல்பாதியில் முகம் தெரியும், கீழே ஒன்றும் இராது. அன்று ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அவற்றில் நிறையப் படங்கள் முழுதாகக் கிடைத்திருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் மென்பொருள்கள் கடைசிப் பகுதிக்குப் போயிருக்கின்றன.

கணக்கு வேறு, ஃபோல்டர் வேறு

புதிதாக வருபவர்கள் பலரும் கணக்கு போனால் எல்லாம் போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு என்பது உள்ளே வர அனுமதிக்கும் ஓர் அடையாளம். கோப்புகள் இருப்பது அந்தக் கணக்கின் பெயரில் உள்ள ஃபோல்டரில். விண்டோஸில் சி டிரைவைத் திறந்தால் 'யூசர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதனுள்தான். கணக்கை நீக்கும்போது இந்த ஃபோல்டர் சில வழிகளில் அழியும், சில வழிகளில் அப்படியே நிற்கும்.

ஆகவே முதல் படி, அங்கே போய்ப் பார்ப்பது. அட்மின் உரிமை உள்ள வேறொரு கணக்கில் நுழைந்து யூசர்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். நீக்கிய பெயரில் ஃபோல்டர் தெரிகிறதா? மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால், ஃபோல்டரின் பெயர் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளாக இருக்கும். முழுப் பெயரைத் தேடி ஏமாந்துவிடாதீர்கள். டி, ஈ என்று வேறு டிரைவ்கள் இருந்தால் அவற்றையும் ஒரு முறை பாருங்கள். கணக்கை நீக்குவது அங்கே நீங்களாக உருவாக்கிய ஃபோல்டர்களைத் தொடுவதில்லை.

எந்த வழியில் நீக்கினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்

அடுத்து என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகிறது. வேறு யாராவது நீக்கியிருந்தால் அவர்களிடம் நிதானமாகக் கேளுங்கள். கோபத்தோடு கேட்டால் சரியான பதில் வராது.

'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுன்ட்ஸ்' போய், 'ரிமூவ்' அழுத்தி, 'டெலிட் அக்கவுன்ட் அண்ட் டேட்டா' என்ற பொத்தானைத் தட்டியிருந்தால், ஃபோல்டரும் சேர்ந்தே அழிந்திருக்கும். பொத்தானில் 'டேட்டா' என்ற சொல் இருப்பது அதற்குத்தான். இந்த வழியில் அழிந்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

பழைய 'கன்ட்ரோல் பேனல்' வழியாக நீக்கியிருந்தால் ஒரு கேள்வி வந்திருக்கும்: 'கீப் ஃபைல்ஸ்' வேண்டுமா, 'டெலிட் ஃபைல்ஸ்' வேண்டுமா? 'கீப் ஃபைல்ஸ்' கொடுத்திருந்தால், நீக்கிய அட்மினின் டெஸ்க்டாப்பில் அந்தப் பழைய யூசரின் பெயரில் ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருக்கும். எத்தனையோ பேர் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் மட்டும் தேடிவிட்டு அழுதிருக்கிறார்கள். சொந்த டெஸ்க்டாப்பைப் பாருங்கள். ஒன்று கவனம்: இந்த முறையில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், ஃபேவரிட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகியவை மட்டுமே காப்பாற்றப்படும். டவுன்லோட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மின்னஞ்சலும் மற்ற அமைப்புகளும் இல்லை. 'எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்றுதானே சொன்னேன்' என்று பலர் குழம்புவது இங்கேதான்.

'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' பகுதியில் உள்ள யூசர் பட்டியலிலிருந்தோ, கமாண்ட் விண்டோவில் கட்டளை எழுதியோ நீக்கியிருந்தால் பெருமூச்சு விடலாம். அந்த வழிகள் கணக்கை மட்டும்தான் எடுக்கும், ஃபோல்டரை விட்டுவிடும்.

இன்னொரு நிலையும் உண்டு. யாரும் எதையும் நீக்கவில்லை, ஆனாலும் உள்ளே நுழைந்தால் டெஸ்க்டாப் வெறுமையாக, புத்தம்புதிதாக இருக்கிறது. 'தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்' என்பது போன்ற அறிவிப்பும் மூலையில் வரலாம். கணக்கின் புரொஃபைலை, அதாவது அதன் ஃபோல்டரையும் அமைப்புகளையும், விண்டோஸால் சரியாகத் திறக்க முடியாதபோது இப்படி ஆகும். கோப்புகள் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயரிலேயே பத்திரமாக இருக்கும். அந்த வெற்று டெஸ்க்டாப்பில் மட்டும் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் அது அழிக்கப்பட்டுவிடும். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பழைய ஃபோல்டரிலிருந்து தேவையானதை வெளி டிரைவுக்கு நகலெடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

ஃபோல்டர் கண்ணில் பட்டதும் அதே பெயரில் புதுக் கணக்கு உருவாக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாகிவிடுவாரா? விண்டோஸுக்குப் பெயர் முக்கியமில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் ஒன்றை அது கொடுக்கிறது. நீக்கிய கணக்கின் எண் திரும்ப வராது. நீங்கள் உருவாக்கும் புதுக் கணக்குக்கு வேறு எண் கிடைக்கும். பழைய ஃபோல்டர் ஏற்கெனவே அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருப்பதால், புதுக் கணக்கின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரோ பூஜ்யங்களோ ஒட்டிக்கொள்ளும்.

சரி, அப்படியானால் எப்படித் திறப்பது? அட்மின் கணக்கில் இருந்துகொண்டு பழைய ஃபோல்டரை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், அதில் 'கன்டின்யூ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பச்சைக் கோடு ஊர்ந்து போகச் சில நிமிடங்கள் ஆகும். பெரும்பாலும் இதிலேயே ஃபோல்டர் திறந்துவிடும்.

திறக்கவில்லை என்றால் உரிமையை உங்கள் பக்கம் மாற்ற வேண்டும். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி', அதில் 'அட்வான்ஸ்டு' என்று போங்கள். மேலே 'ஓனர்' என்ற இடத்தில் பெயருக்குப் பதிலாக அந்த நீண்ட எண் தெரியலாம், 'அக்கவுன்ட் அன்நோன்' என்றும் வரலாம். ஃபோல்டரின் சொந்தக்காரர் இப்போது கணினியில் இல்லை என்பதற்கு அது அடையாளம், பயப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' அழுத்தி, 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று எழுதி, 'செக் நேம்ஸ்' அழுத்தி ஓகே கொடுங்கள். கீழே துணை ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ஓனரை மாற்றவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் வெளிக்கதவு மட்டும் திறக்கும், உள்ளறைகள் பூட்டியே கிடக்கும். பிறகு அதே செக்யூரிட்டி பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள்.

இதை அந்த ஒரு யூசரின் ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கோ விண்டோஸ் ஃபோல்டருக்கோ ஓனரை மாற்றினால் கணினி கிளம்பாமலே போகக்கூடும்.

உள்ளே நுழைந்ததும் முழு ஃபோல்டரையும் இழுத்துப் புதுக் கணக்கின் மேல் போட்டுவிடாதீர்கள். பழைய கணக்கின் ரெஜிஸ்ட்ரி விவரங்கள் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவுகள்) அடங்கிய கோப்பும் அதில் கலந்திருக்கும், புதுக் கணக்கு குழம்பிப்போகும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் என்று வேண்டிய ஃபோல்டர்களைத் தனித்தனியாக வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். நகர்த்த வேண்டாம், நகல் போதும்.

மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரையும் நினைவில் வையுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய், மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் அது தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியவர் என்றால், ஆப்டேட்டாவுக்குள் 'ரோமிங்', அதற்குள் 'மொசில்லா' என்று போய் அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதிலேயே இருக்கும். குரோமில் புக்மார்க்குகள் இப்படி வரும், பாஸ்வேர்டுகள் வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்திருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கோப்புகளின் ஐகானில் சின்னப் பூட்டுப் படம் தெரிந்தால் அது வேறு கதை. விண்டோஸின் இஎஃப்எஸ் குறியாக்கம் அது. ஓனரை மாற்றினாலும் அந்தக் கோப்புகள் திறக்காது. பழைய யூசர் தன் சான்றிதழை (அந்தக் கோப்புகளைத் திறக்கும் டிஜிட்டல் சாவியை) எப்போதாவது வெளியே ஏற்றுமதி செய்து வைத்திருந்தாரா என்று பழைய பென் டிரைவ்களில் தேடுங்கள். வீட்டுக் கணினியில் வேறு வழி கிடைப்பது மிகவும் கடினம்.

ஃபோல்டரே இல்லை என்றால்

இப்போதும் மென்பொருளுக்கு ஓடாதீர்கள். வேறு எங்காவது நகல் இருக்கிறதா என்று தேடுவதுதான் அடுத்த படி. இதைக் கூடியவரை வேறு கணினியில் உட்கார்ந்தே செய்யலாம்.

பழைய யூசர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவரா? அப்படியானால் பிரவுசரில், மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து அந்தக் கணக்கில் நுழையுங்கள். கணினியிலிருந்து கணக்கை எடுப்பது, மைக்ரோசாஃப்டிடம் உள்ள கணக்கை அழிப்பதாகாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்ததே பலருக்குத் தெரிவதில்லை. தளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள். தனிநபர் கணக்கில் அழித்தவை அங்கே 30 நாட்கள் இருக்கும். அலுவலக, பள்ளிக் கணக்குகளில் இயல்பாக 93 நாட்கள்.

நீக்கப்பட்டது கணினிக் கணக்கு இல்லை, நிறுவனமே கொடுத்த ஆன்லைன் கணக்கு என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். நீக்கிய யூசரைத் திரும்பக் கொண்டுவர மைக்ரோசாஃப்ட் 365 அட்மினுக்கு 30 நாட்களும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் அட்மினுக்கு 20 நாட்களும்தான் உண்டு. அதற்குள் அட்மினிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஏதாவது எப்போதாவது இணைத்திருந்தீர்களா? அதில் 'ஃபைல்ஹிஸ்டரி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி வசதி ஓடியிருந்தால், யூசர் பெயர், கணினிப் பெயர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஃபோல்டர்கள் இருக்கும். உள்ளே உங்கள் கோப்புகள், பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் ஒட்டியபடி கிடக்கும். எந்த மென்பொருளும் வேண்டாம், நேராக நகலெடுத்துக்கொள்ளலாம்.

கணினியில் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' (டிரைவின் பழைய நிலையை அவ்வப்போது பதிந்துவைக்கும் வசதி) இயங்கியிருந்தால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. யூசர்ஸ் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்'. கணக்கை நீக்குவதற்கு முந்தைய தேதியில் ஏதாவது தெரிந்தால் அதை 'ஓப்பன்' செய்து பாருங்கள். 'ரீஸ்டோர்' அழுத்தாதீர்கள், இப்போதுள்ள மற்ற யூசர்களின் கோப்புகள் பழையவற்றால் மாற்றப்பட்டுவிடும். திறக்க அனுமதி மறுத்தால், ஷேடோ எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச நிரலை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் வைத்து, அட்மினாக ஓட்டிப் பாருங்கள். இந்த முந்தைய பதிப்புகளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் விண்டோஸ் பழையதை நீக்கிவிடும், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்ற வசதி இதிலிருந்து வேறானது. அது விண்டோஸ் அமைப்புகளைப் பின்னோக்கிக் கொண்டுபோகும், உங்கள் படங்களையும் கடிதங்களையும் கொண்டுவராது. டிரைவில் நிறைய எழுதவும் செய்யும். அதைத் தொடாதீர்கள்.

கணக்கை யாரும் நீக்கவில்லை, விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோதோ மறுபடி நிறுவியபோதோ காணாமல் போனது என்றால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். அதற்குள்ளும் ஒரு யூசர்ஸ் இருக்கும். விண்டோஸ் 10-லும் 11-லும் இது வழக்கமாக 10 நாட்களில் தானாக நீங்கிவிடும். இன்றே எடுத்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்றிரண்டு கோப்புகள்தான் வேண்டும் என்றால், அவற்றை யாருக்காவது அனுப்பினீர்களா என்றும் யோசியுங்கள். மின்னஞ்சலின் 'சென்ட்' பகுதி, வாட்ஸ்அப், படங்களை முதலில் எடுத்த போனின் மெமரி கார்டு. இரண்டு நாள் மென்பொருளோடு போராடிய பிறகு, தேடிய கோப்பு நண்பரின் இன்பாக்ஸில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கும் நகல் இல்லாதபோது

முதலில் டிரைவ் எந்த வகை என்று தெரிய வேண்டும். 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். எச்டிடி என்றோ எஸ்எஸ்டி என்றோ போட்டிருக்கும்.

எச்டிடி, அதாவது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே எதுவும் எழுதப்படாதவரை நல்ல நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத சிப் டிரைவ் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் 7 தொடங்கி, எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்ததும் 'இந்த இடம் இனி எனக்கு வேண்டாம்' என்று விண்டோஸ் டிரைவுக்கே சொல்லிவிடுகிறது. அதற்கு டிரிம் என்று பெயர். அதைக் கேட்ட டிரைவ் தன் வசதிப்படி அந்த இடத்தைத் துடைத்துவிடும். அதற்கு முன்பே படிக்கப் போனாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்களைத்தான் நீட்டும். 'எந்த எஸ்எஸ்டியிலிருந்தும் நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். முயற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரிம் வேலை செய்யாத அமைப்புகளும் உண்டு, சில யூஎஸ்பி வழி வெளி டிரைவ்கள் அப்படி. மனதைத் தயார்படுத்திக்கொண்டு முயலுங்கள்.

கணினியை அணைப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை இருக்கிறது: பிட்லாக்கர், அதாவது டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவ் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அணைத்துவிட்டு வேறு வழியில் டிரைவைத் திறக்கப் போனால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் முதன்முதலில் அந்தக் கணினியில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது, அதில் இன்னும் நுழைய முடிகிறதா என்று போனிலேயே உறுதிசெய்து, எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அணையுங்கள்.

சிறந்த முறை: டிரைவைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு, நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இணைப்பது. கழற்றத் தெரியாது, அல்லது கழற்ற முடியாத மாதிரி என்றால், உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'டிரை' என்ற தேர்வில் ஓட்டலாம். இரண்டு முறையிலும் பழைய விண்டோஸ் எழுந்து எழுதத் தொடங்காது. மீட்டவற்றை வைக்க வேறொரு டிரைவ் கட்டாயம் வேண்டும். மீட்கும் டிரைவிலேயே மீட்டதைச் சேமிக்கக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ் கணினியில் டிரைவை இணைத்திருந்தால் ரெகுவாவிலிருந்து தொடங்கலாம், புதியவருக்கு எளிது. அழிந்த யூசர் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், பெயர்களோடு பட்டியல் வரும். மைக்ரோசாஃப்டே 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' என்ற இலவசக் கருவியை ஸ்டோரில் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் இருந்தால் ஓடும். ஆனால் பொத்தான்கள் கிடையாது, எல்லாமே கட்டளையாக எழுத வேண்டும். அதில் 'ரெகுலர்', 'எக்ஸ்டென்சிவ்' என்று இரண்டு முறைகள். அண்மையில் அழிந்தவற்றுக்கு முதலாவது போதும். நாளாகிவிட்டால் இரண்டாவது.

இவற்றில் எதுவும் கிடைக்காதபோது ஃபோட்டோரெக். திறந்த மூலம், முற்றிலும் இலவசம், டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியோடு சேர்ந்து வரும். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆவணங்களையும் எடுக்கும். இது டிரைவின் பதிவேட்டையே நம்புவதில்லை. டிரைவை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்கும், ஒரு பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைத் தோண்டி எடுக்கும். அதனாலேயே பழைய பெயர்கள் பெரும்பாலும் வராது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து குவியும். பிரவுசர் சேமித்த குட்டிப் படங்களும் அதில் கலந்திருக்கும். அளவு வாரியாக அடுக்குங்கள். கேமராப் படங்கள் பெரியவை, அவை ஓரிடத்தில் சேர்ந்துவிடும். படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியைக் கொண்டும் பிரிக்கலாம். பொறுமை வேண்டிய வேலை, ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

டிரைவ் 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ, இணைத்தால் தெரிந்து தெரிந்து மறைந்தாலோ, மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். பழுதான டிரைவில் ஒவ்வொரு ஸ்கேனும் சேதத்தைக் கூட்டும். அங்கிருந்து அது தொழில்முறை மீட்பகத்தின் வேலை. எந்தெந்தக் கோப்புகள் மீண்டன என்ற பட்டியலை முதலில் காட்டும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் கணக்கை நீக்கும்போது மூன்று தேர்வுகள் வரும். ஹோம் ஃபோல்டரை டிஸ்க் இமேஜாகச் சேமிக்கச் சொல்லியிருந்தால், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'டெலிட்டட் யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில் அது இருக்கும். இரண்டு முறை கிளிக் செய்தால் டிரைவ் போலத் திறக்கும். 'மாற்றாதே' என்று விட்டிருந்தால், ஃபோல்டர் அதே இடத்தில், பெயருக்குப் பின்னால் 'டெலிட்டட்' என்ற சொல்லோடு நிற்கும். மூன்றாவது தேர்வு முழு அழிப்பு. அப்போது மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின்தான் கதி. வெளி டிஸ்க் கையில் இல்லாவிட்டாலும் டைம் மெஷினைத் திறந்து பாருங்கள். அது இயங்கியிருந்தால் மேக்கின் உள்ளேயே மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்திருக்கும். முதல் நாளிலேயே பார்ப்பவருக்குத்தான் அது உதவும்.

லினக்ஸில் கணக்கை நீக்கும் கட்டளை, தனியாகச் சொன்னால் தவிர, ஹோம் ஃபோல்டரை அழிப்பதில்லை. உபுண்டுவிலும் அப்படித்தான். 'ஹோம்' என்ற இடத்தில் பாருங்கள். ஓனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 போல வெறும் எண் தெரிந்தால், அது பழைய யூசரின் எண். அதே எண்ணோடு ஒரு புதுக் கணக்கை உருவாக்கினால் ஃபோல்டர் தானாக அவருடையதாகிவிடும். விண்டோஸில் நடக்காத இது லினக்ஸில் நடக்கும். ஃபோல்டரும் அழிந்திருந்தால் கடினம். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை, கோப்பு எங்கே இருந்தது என்ற குறிப்பையும் அழிக்கும்போதே துடைத்துவிடும். அங்கேயும் ஃபோட்டோரெக்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு

பெயரும் அளவும் சரியாக இருப்பதால் கோப்பு சரியாக இருக்கிறது என்று ஆகாது. உள்ளே வேறு எதுவோ எழுதப்பட்டிருக்கலாம். முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆவணம் என்றால் கடைசிப் பக்கம்வரை உருட்டுங்கள். வீடியோ என்றால் நடுவிலும் முடிவிலும் ஓட்டிப் பாருங்கள். திறக்காத கோப்பை உடனே அழிக்க வேண்டாம், அதே கோப்பை வேறு கருவி முழுதாக எடுத்துத் தரலாம். நல்லவற்றை இரண்டாவதாக ஓர் இடத்திலும் நகலெடுங்கள்.

அதுவரை பழைய டிரைவை அப்படியே எடுத்து வையுங்கள். ஃபார்மட் செய்வது, புதுக் கணக்கு உருவாக்குவது, விண்டோஸை மறுபடி நிறுவுவது எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு வாரமாவது விட்டுவையுங்கள். விட்டுப்போன ஒரு கோப்பு அதற்குள் ஒருநாள் நினைவுக்கு வரும்.

இன்னொரு கணக்கையும் நீக்க எண்ணியிருந்தால், முதலில் அந்தக் கணக்கிலேயே நுழைந்து அதன் ஃபோல்டர்களை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். பூட்டுப் படம் போட்ட கோப்புகள் இருந்தால் அவற்றை அங்கேயே குறியாக்கம் நீக்கிவிடுங்கள், கணக்கு போன பிறகு, சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அது முடியாது. விண்டோஸ் புரோ பதிப்பு என்றால், நீக்குவதற்குப் பதிலாக கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் அந்த யூசரைத் திறந்து 'டிசேபிள்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். நுழைவுத் திரையில் பெயர் காணாமல் போகும், கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும்.